சாக்பீஸ் உன் கையில்

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, இருக்கீங்களா? சத்தமே இல்லையா, லீவுன்னு நினைச்சுட்டேன்."

ஆள் இல்லை என்று நினைத்தவர் எதற்குத் தட்டினார்? தட்டியது மரியாதைக்கு, வந்தது நாற்காலிக்கு. அவருடைய ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறாராம். உட்கார இடமில்லையாம். என் அறையில் ஒரு நாற்காலி சும்மா கிடக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமா என்றார். "சும்மா இல்ல, ஆள் வருவாங்க" என்றேன். வாய் கூசாமல் பொய். அந்த நாற்காலியில் இரண்டு வருடமாக என் மழைக்கோட்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

நல்ல மனிதர். உலோகத் தகடுகளைக் குளிரவைத்து அளந்துகொண்டிருப்பவர். சாயங்காலத்துக்குள் அவருக்கு ஒரு எண் கிடைத்துவிடும், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு அப்படி ஒரு எண் கிடைத்ததே இல்லை.

மார்ச் 5, புதன்

ஒரு அழைப்பு வந்திருக்கிறது. இம்மாதக் கடைசியில் ஒரு கூட்டம். ரயிலில் அரைநாள் பயணம். தலைப்பு: கருந்துளைகளும் தகவலும் — இன்னும் தீராதவை. எனக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். "மாற்றுக் கருத்துக்கும் இடம் தர விரும்புகிறோம்" என்று பணிவாக எழுதியிருக்கிறார்கள்.

மாற்றுக் கருத்து என்றால் நான். கட்சியில் இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. தலைவி, பொருளாளர், கொடி பிடிப்பவள், கைதட்டுபவள் எல்லாம் நானே.

நிகழ்ச்சி நிரலைக் கீழ்வரை படித்தேன். என் அமர்வுக்குத் தலைமை ராங்கி, இரண்டு வருடம் முன்புவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்.

போவதா வேண்டாமா?

போகிறேன் என்று பதில் எழுதிவிட்டேன். 

மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் ஞாயிற்றுக்கிழமை போன். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வலியோடு வருகிறவர்களை வாரம் முழுக்கச் சமாதானப்படுத்துகிறவள். மிச்சமிருக்கும் பொறுமையை ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுப்பாள்.

"உன் ஓட்டை எப்படிடி இருக்கு?"

"ஓட்டையாத்தான் இருக்கு."

கருந்துளை என்ற சொல் அவள் வாயில் நுழைவதே இல்லை. கூட்டத்துக்குப் போகிறேன் என்றதும், என்னதான் சண்டை உங்களுக்குள், இந்தத் தடவையாவது புரிகிற மாதிரி சொல் என்றாள். சொன்னேன். கருந்துளைக்குள் எதைப் போட்டாலும் உள்ளே போய்விடும். ஆனால் அந்தத் துளையும் நிரந்தரமில்லை, மெல்ல மெல்லக் கதிராக ஆவியாகி ஒருநாள் இல்லாமலே போய்விடும். அப்போது, உள்ளே போனது என்ன என்ற தகவல் அந்தக் கதிரில் எங்காவது ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுமா, அடியோடு அழிந்துவிடுமா? வரும் என்பது ஊர் உலகத்தின் கட்சி. அழியும் என்பது என் கட்சி.

"ஒரு காகிதத்தைக் கொளுத்தினா சாம்பல்தானே மிஞ்சும்? எழுத்தா மிஞ்சும்?"

"கொள்கை அளவுல, சாம்பலையும் புகையையும் ஒண்ணு விடாம சேர்த்தா எழுத்தைத் திரும்பப் படிச்சிடலாம்க்கா. கொளுத்துனதால எதுவும் அழியாது. இயற்கையோட சட்டம் அது. கருந்துளையில மட்டும் அந்தச் சட்டம் உடையுதுன்னு நான் சொல்றேன்."

"யாராவது ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லக் கூடாதா?"

"போனா வர முடியாதுக்கா."

"தூரத்துல இருந்து அளந்து பார்க்கறது?"

"அந்தக் கதிர் அவ்வளவு மெலிசு. அதைப் பிடிச்சு அளக்க யாராலும் ஆகாது. நம்ம காலத்துல இல்ல, நம்ம பேரன் பேத்தி காலத்துலயும் இல்ல."

"அப்போ யார் ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'எங்க வலிக்குது' என்று கேட்டுப் பழகியவள், நேராக இடத்தைத் தொட்டுவிட்டாள். அடுத்த அறைக்காரரை அவருடைய உலோகத் தகடு மறுக்கும். என்னை மறுக்க ஒரு கருவியும் கிடையாது, இன்னொரு ஆள்தான் மறுக்க வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் நான் சொல்வது சரியா பைத்தியமா என்று எனக்கே தெரியாது. இதை அக்காவிடம் சொல்லவில்லை. "கணக்குப் போட்டுத்தான்" என்று மழுப்பிவிட்டு, அவளுடைய மூட்டுவலியைப் பற்றிப் பேசினேன்.

மார்ச் 12, புதன்

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே காலை போய்விட்டது.

இடது பாதி ராங்கியின் கையெழுத்து, காற்றில் சாய்ந்த மாதிரி. வலது பாதி என்னுடையது. கீழ் மூலையில் 'அழிக்காதீர்கள்' என்று அவள் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். இரண்டு வருடமாக யாரும் அழிக்கவில்லை. அறை பெருக்கும் அம்மா அடியில் விழுந்த தூளைக்கூடப் பலகையைத் தொடாமல்தான் கூட்டுவார். வேறு கணக்குப் போட வேண்டுமென்றால் நான் காகிதத்தில் போட்டுக்கொள்கிறேன்.

ராங்கிக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான். பெரிய பேராசிரியர் ஒருவர் பேசி முடித்ததும் எழுந்து, "இதுல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டாள். அன்றைக்கு வைத்தது. பதிலுக்கு அவள் எனக்கு முசுடு என்று வைத்தாள். அதற்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. சாக்பீஸ் யார் கையில் இருக்கிறதோ அவள்தான் சொல்லலாம். மற்றவள் கேள்வி மட்டும் கேட்கலாம். 'தப்பு' என்று சொல்லக் கூடாது, கேட்டே தப்பைக் காட்ட வேண்டும். பதில் வராவிட்டால் சாக்பீஸைக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுக்கும்போது என் முகம் போகும் போக்கைப் பார்க்கவே அவள் கேள்வி தேடுவாள் என்று நினைக்கிறேன். நாங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டுவார். ஒருநாள் அல்ல, வாரத்தில் பாதி நாள்.

அழியும் கட்சி என்பது நாங்கள் இருவர். ஊரே அந்தப் பக்கம் போனபோதும் இருவராக இருந்ததால் தனியாக இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

உரை தயாராகிறது. படங்கள் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் படத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. பார்க்க ஏதோ போல இருக்கிறது.

இந்த உரைக்கு அடிப்படையான கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்திருக்க வேண்டும். அம்மா இறந்த வருஷம் அது. அம்மாவை அனுப்பிவிட்டு, வீட்டைக் காலி செய்துவிட்டு, நான் திரும்பி வந்தபோது, பலகையில் போட்டிருந்த கணக்கைக் கட்டுரையாக எழுதுவதுதான் பாக்கி. அடுத்த மாதமே ஒரு கூட்டத்தில் ராங்கி எழுந்து, "இந்த விஷயத்தில் நான் முன்பு சொன்னதில் இப்போது எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது வரிசையில் கையில் டீ கப்போடு நான். ஆறி ஏடு கட்டும்வரை கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கே சொன்னவள் எனக்கு முதலில் சொல்லியிருக்கலாம் இல்லையா? கட்சி தாவுகிறவர்கள்கூடக் கூட இருந்தவர்களுக்குக் காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே தாவுவார்கள்.

கேட்டதற்கு, "என் பேரை எடுத்துடு. எனக்கு நம்பிக்கை போயிடுச்சு" என்றாள். ஏன் என்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். பிறகு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

நான் என் பெயரில் மட்டும் வெளியிட்டேன். ஒரு பத்திரிகை ஒற்றை வரிப் பாராட்டோடு ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அதை யாரும் மறுக்கவில்லை. யாரும் ஏற்கவும் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

மார்ச் 19, புதன்

உரையைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவளுக்குத் தூக்கம் வந்தது.

மார்ச் 25, செவ்வாய்

விடுதி அறை. கட்டில், மேசை, கொதிகெண்டி, ஒரே ஒரு கப். ஒருவருக்கான அறை என்பதை அந்தக் கப்பே சொல்லிவிட்டது.

ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த பெண் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். "வாத்தியார் வேலை" என்று சொல்லித் தப்பித்தேன். எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரயில் நிற்கும்வரை சொல்லியிருப்பேன்.

இரவு உணவின்போது தூரத்து மேசையில் ராங்கி. முடி நரைத்துவிட்டது, சாயம் அடிப்பதை விட்டுவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். இரண்டு பேர் கையும் தூக்கியபடி கொஞ்ச நேரம் நின்றன. பிறகு யாரோ அவளிடம் ஏதோ கேட்டார்கள்.

நாளைக்கு அவள் தலைமை. கேள்வி நேரத்தில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். கட்டட்டும். அதற்குத்தான் வந்திருக்கிறேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். குரல் உடையவில்லை, படங்கள் ஒழுங்காக ஓடின, நேரத்துக்குள் முடித்தேன்.

"கேள்விகள்?" என்றாள் ராங்கி.

ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

பெரிய அரங்கு. பாதிப்பேர் மடியில் கணினி. முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எங்கள் வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருமே கேட்காவிட்டால் தலைமை தாங்குபவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். பேசியவரின் மானத்தைக் காப்பாற்ற. எவ்வளவு அபத்தமான உரையானாலும் அது நடக்கும். நான் ராங்கியைப் பார்த்தேன். அவள் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது.

"பேச்சாளருக்கு மீண்டும் நன்றி."

கைதட்டினார்கள். நல்ல, மரியாதையான கைதட்டல். இதற்குப் பதில் எழுந்து போயிருக்கலாம்.

மார்ச் 27, வியாழன்

திரும்பும் ரயில். நேற்று மாலையே கிளம்பியிருக்க வேண்டும். தேநீர் இடைவேளையில் ராங்கி என்னை நோக்கி வந்தாள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த வயதில்!

எங்கள் தொழிலில் திட்டு வாங்கினால் அவமானமில்லை. "முழுத் தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். தப்பென்று சொல்லக்கூடத் தகுதியில்லை என்று விட்டுவிடுவதுதான்—

எழுத வரவில்லை.

மார்ச் 31, திங்கள்

பக்கத்து அறைக்காரரிடம் போய், "நாற்காலி வேணுமா இன்னும்?" என்றேன். அவரே வந்து தூக்கிக்கொண்டு போனார். "வர்றதா சொன்னவங்க வரலையா?" என்று கேட்டார். "வரல" என்றேன். மழைக்கோட்டை ஆணியில் மாட்டினேன்.

ஏப்ரல் 2, புதன்

போன் பண்ணிட்டேன்.

எப்படிப் பண்ணினேன்னு தெரியல. கரும்பலகை முன்னாடி நின்னு, கையில சாக்பீஸ எடுத்துக்கிட்டு, எதுவும் எழுதாம நின்னுட்டிருந்தேன். திடீர்னு கோபம் வந்தது. வந்த வேகத்துல பண்ணிட்டேன். அழிச்சு வெச்ச நம்பர் விரலுக்கு நினைவிருக்கு.

"முசுடு?" என்றாள், மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள்.

இரண்டு வருடமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதற்கு இடம் கொடுக்காமல் நேராகக் கேட்டேன்.

"ஏன் கேக்கல?"

"எதை?"

"என் பேச்சு முடிஞ்சதும். யாரும் கேக்கலேன்னா தலைமை கேக்கணும். மொக்கை பேச்சுக்கெல்லாம் கேப்பாங்க. ஏன் கேக்கல?"

 பின்னணியில் பாத்திரம் வைக்கும் சத்தம். சமையலறையில் இருந்திருக்கிறாள்.

"கேட்டா நீ தாங்குவியான்னு தெரியல" என்றாள்.

"அப்போ கேள்வி இருக்கு."

"இருக்கு."

"கேளு."

"வேண்டாண்டி. போன்ல வேண்டாம், நேர்ல ஒருநாள்—"

"சாக்பீஸ் என் கையில இருக்கு. கேளு."

உண்மையிலேயே கையில்தான் இருந்தது. வியர்வையில் ஊறிப் பிசுபிசுத்தது.

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு பழைய குரலில், அந்தத் திமிர் பிடித்த, பாழாய்ப்போன குரலில் கேட்டாள்:

"நாலாவது வரியில, எதை முதல்ல பெருசாக்கின?"

நான் பதில் சொல்லவில்லை. அவளும் வைக்கவில்லை. கடைசியில் நான்தான் வைத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அடிபட்டுவிட்டது. மொத்தமும்.

இதை எனக்கே விளங்கும்படி எழுதி வைக்கிறேன். உண்மையான கருந்துளைக்கு முழுக்கணக்குப் போட யாராலும் ஆகாது. அதனால் இரண்டு சலுகை எடுத்துக்கொள்வோம். ஒன்று, துளையை மிக மிகப் பெரிதாக்குவது. பெரிதாக்க ஆக்கக் கணக்கு சுலபமாகும். இன்னொன்று, மிக மிக நீண்ட காலம் காத்திருப்பது. இரண்டையும் எல்லையில்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் எதை முதலில்?

அக்காவுக்கு என்றால் இப்படிச் சொல்வேன். ஒழுகுகிற வாளி காலியாகுமா என்று பார்க்க வேண்டும். ஒழுகட்டும் என்று காத்திருந்தால் காலியாகும். ஆனால் முதலில் வாளியைக் கடலாக்கிவிட்டு, அப்புறம் காத்திருந்தால்? யுகம் யுகமாகக் காத்திருந்தாலும் மட்டம் இறங்காது. பார்த்தீர்களா, வாளி காலியாகவே ஆகாது என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். அதைத்தான் எழுதியிருக்கிறேன். துளை முடிவதே இல்லை என்று நான்காவது வரியில் நானே முடிவு செய்துவிட்டு, முடிவில் தகவல் வரவில்லையே என்று பன்னிரண்டாவது வரியில் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தகவல் அழிகிறது என்பதற்கு இந்தக் கணக்கில் ஒரு துரும்பும் மிஞ்சவில்லை.

முதல் வருட மாணவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன், வரிசை முக்கியம் என்று.

சாயங்காலம் பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் உறைத்தது. 'நாலாவது வரி' என்றாள். என் உரையின் படங்களில் அது நாலாவது வரி இல்லை. கட்டுரையிலும் இல்லை. அங்கெல்லாம் அது வேறு இடத்தில் இருக்கிறது. கரும்பலகையில்தான் அது மேலிருந்து நாலாவது. வலது பாதி. என் கையெழுத்து.

அப்படியானால் அவள் அந்தத் தப்பை இங்கே நின்றே பார்த்திருக்கிறாள். ஊரைவிட்டுப் போவதற்கு முன்னாலேயே.

ஏப்ரல் 6, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். "எப்பத்திலிருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

மறைக்கவில்லை. "உங்கம்மா தவறின மாசம். நீ ஊர்ல இருந்தப்போ தனியா உக்காந்து சரி பார்த்தேன். அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"சொல்லல."

"நீ திரும்பி வந்தப்போ உன் முகத்தைப் பார்த்திருக்கணும். கணக்கு ஒண்ணுதான் உனக்கு மிச்சம்கிற மாதிரி வந்து நின்ன. உன் வரியைக் காட்டி, இதைச் சொன்னா எல்லாம் போச்சுன்னு எப்படிடி சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு தள்ளிட்டே போனேன். கூட்டத்துல யாரோ நேரா என்னைக் கேட்டாங்க. பொய் சொல்ல முடியல. ஏன்னு சொல்லவும் முடியல."

"பத்திரிகைக்கு அனுப்பறேன்னு சொன்னப்போ?"

"அங்க சரி பார்க்கற நடுவர் யாராவது பிடிச்சிடுவாங்கன்னு நினைச்சேன். யார் மூலமாவது வரட்டும், என் வாயால வேண்டாம்னு."

"யாரும் படிக்கலேன்னு உனக்குத் தெரியலையா?"



கத்தினேன். அம்மா போனா எனக்கு மூளையும் போயிடுமா? நீ என்ன எனக்கு நர்ஸா? ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷம் ஒருத்தி தப்பான ரோட்டுல போறா, பார்த்துட்டே நிக்கற. கேட்டா பாவம்கிற. ஊர்ல எல்லாரும் என்னைப் பாவம்னு விட்டுட்டாங்க சரி, நீயுமா? நீ ஒருத்தி என்னைப் பாவம் பார்க்க மாட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன்!

"மன்னிச்சிடு" என்றாள். வைத்துவிட்டேன்.

அக்காவின் போன் வந்தது. எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன். "உன் ஓட்டை எப்படிடி—" என்று ஆரம்பித்தவள், என் மூச்சைக் கேட்டுவிட்டு, "சரி, நீ பேச வேண்டாம். நான் பேசறேன்" என்றாள். ஒரு பல்லைப் பிடுங்க வந்தவர் பக்கத்துப் பல்லைக் காட்டிய கதையைச் சொன்னாள். வலி எது என்று காட்டத் தெரியாதவர்கள் நிறையப்பேர் வருகிறார்களாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கட்டுரையை வாபஸ் வாங்கிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன்: எல்லைகள் எடுக்கப்பட்ட வரிசை தவறு, முடிவு நிற்காது. கீழே, பிழையைக் காட்டியவருக்கு நன்றி என்று ராங்கியின் முழுப்பெயரை முதலெழுத்தோடு போட்டேன். கோபத்தோடுதான் போட்டேன். நன்றி என்பது நன்றி.

கூத்து என்னவென்றால், எழுதியபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வாபஸ் வாங்கியதும் கடிதம் போடுகிறார்கள். "துணிச்சலான செயல்" என்கிறார் ஒருவர். கட்டுரை எதைப் பற்றி என்று அவருக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். துறைத்தலைவர் படிக்கட்டில் நிறுத்தி, "இனிமே நிம்மதியா வேற ஏதாவது பண்ணலாமே" என்றார். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

கட்சி கலைந்துவிட்டது. அறைக்குள் வந்து உட்கார்ந்தால் எதை நினைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் தனியாக இருந்தேன் என்று சொல்லிக்கொண்டேனே, தவறு. தப்பான கணக்காக இருந்தாலும் அது ஒரு துணையாகத்தான் இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் அறை நிஜமாகவே காலி.

ஏப்ரல் 18, வெள்ளி

எதுவும் இல்லை. மழைக்கோட்டைத் துவைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

என் கணக்கு தப்பு, சரி. அதனால் அவர்கள் கணக்கு சரி என்று ஆகிவிடுமா?

காலையிலிருந்து இது அரித்துக்கொண்டே இருக்கிறது. தகவல் வெளியே வந்துவிடும் என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அழகான சூத்திரம், ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு வந்தது என்று அது சொல்கிறது. எந்த வழியாக வந்தது என்று சொல்வதில்லை. ஒளிகூடத் தப்ப முடியாத இடத்திலிருந்து ஒன்று வெளியே வந்திருக்கிறது. கதவு எங்கே என்று கேட்டால், வந்து சேர்ந்துவிட்டதே, அப்புறம் என்ன என்கிறார்கள். உள்ளே விழுகிறவன் கதை என்ன? அவன் கண்ணுக்கு அந்த இடம் சும்மா வெட்டவெளியா, சுவரா? அதற்கு ஆளுக்கொரு பதில்.

மத்தியானம் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ராங்கிக்குப் போன் செய்தேன்.

"கோபம் போயிடுச்சா?" என்றாள், மெதுவாக.

"இல்ல. கோபம் அப்படியே இருக்கு. கூட ஒரு கேள்வியும் இருக்கு."

"என்கிட்டயா?"

"நீதானே இப்போ அந்தக் கட்சி. நான் பதில் சொல்லல, அதனால சாக்பீஸைக் கொடுத்தாச்சு. அது உன் கையில. உள்ள இருந்து வெளிய எந்த வழியா வருது? காட்டு."

  மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அழறியா?"

"இல்லடி. சளி. ஒரு நிமிஷம் இரு, பேப்பர் எடுத்துட்டு வரேன்."

மே 8, வியாழன்

காலையில் பெருக்கும் அம்மாவிடம் ஈரத்துணி வாங்கினேன். "நான் துடைக்கட்டுமா?" என்றார். நானே துடைத்தேன். முதலில் என் பாதி, நாலாவது வரியிலிருந்து ஆரம்பித்து. பிறகு அவள் பாதி. இரண்டு வருடச் சுண்ணாம்பு லேசில் போகவில்லை, தண்ணீரை இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. மூலையில் 'அழிக்காதீர்கள்' மட்டும் இருக்கிறது. வெறும் பலகையில் அது இருப்பதைப் பார்த்துப் பெருக்கும் அம்மா சிரித்துவிட்டார்.

ராங்கி வரப்போவதில்லை. அவளுக்கு அங்கே வேலை, வீடு, வகுப்புகள். நேரில் வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் நம்புவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோபமும் முழுக்கப் போகவில்லை. நேற்றுக்கூட ஏதோ பேச்சுக்கு "பாவம்" என்றாள், சுருக்கென்றது. அவளுக்கும் தெரிந்தது.

சாக்பீஸ் தட்டில் போனைச் சாய்த்து வைத்து, ஒலியைக் கூட்டினேன். அவள் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. சாக்பீஸ் என் கையில் இருந்தாலும் சட்டப்படி அது அவள் கை. நான் கேள்வி மட்டும்தான் கேட்கலாம்.

மூன்று வரி போயிருக்கும். நாலாவது வரியில், வழி இல்லாத இடத்தில் வழி இருப்பதாக வைத்துக்கொண்டு நைசாகத் தாண்டினாள்.

"தப்பு!" என்று கத்தினேன்.

"ஏய், சட்டம்! கேள்வியாக் கேளு!"

"என்ன கேள்வி? முழுத் தப்பு! அந்தப் படி எங்கிருந்து வந்தது?"

"அது ஒரு அனுமானம்டி!"

"அனுமானமா? பதிலையே எடுத்து அனுமானம்னு மேல வெச்சுட்டு, கீழ வந்து கண்டுபிடிச்சேன்கறியா?"

"நீயே ஒத்துக்கிட்டியே, கடலை வெச்சு வாளின்னு சொன்னேன்னு!"

"அதை இன்னொரு தடவை சொன்னே—"

தொம் தொம் என்று சுவரில் இரண்டு தட்டு.

நாங்கள் இருவரும் நிறுத்தினோம்.

"யாருடி அது?" என்றாள் போனிலிருந்து.

"பக்கத்து அறைக்காரர். சத்தமா இருக்காம்."

 "மெதுவாப் பேசலாமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். "நாலாவது வரிக்கு வா."